ஊதினால் வராது, அண்ணா

மில்லுக்கு மூட்டை தூக்கப் போகும்போதும் தலையைப் படிய வாரி, கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டு போன என் ஏகாம்பரம் அண்ணனுக்கு,

போன மாதம் உனக்கு வருஷப் படையல் போட்டோம். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மசால்வடை, கேழ்வரகு அடை எல்லாம் வைத்தேன். கூரைமேல் ஒரு பிடி சோறு வைத்ததும் காக்கா வந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது சாப்பிடக் கூப்பிட்டால் ஒருநாளாவது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறாயா நீ?

இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மா சாலவாக்கத்தில் என்னோடுதான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. என் பால்வாடிக்கு இந்த வருஷம் ஓடு மாற்றிக் கொடுத்தார்கள், மழைக்கு ஒழுகவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் கிடக்கிறார்கள், பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. படையல் அன்று காலையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

செத்தவர்கள் ஆசையாக வைத்திருந்ததைப் படையலில் வைப்பதுதானே நம் வழக்கம். நைனாவுக்கு மூக்குப்பொடி டப்பி வைத்தோம். உனக்கு எதை வைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் கஸூவை எடுத்தேன்.

ஊரில் அதைக் கஸூ என்று சொன்னவன் நீ ஒருவன்தான். மற்ற எல்லாருக்கும் அது பீப்பி, நீ பீப்பி ஏகாம்பரம். உனக்குப் பெண் பார்க்கப் புள்ளலூர் போனபோது, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அந்த வீட்டில் கேட்டார்கள். நம் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மில்லுல வேல. சாய்ங்காலத்துல பீப்பி ஊதுவான்" என்றார். அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற தகரக் குழல். ஒரு முனை அகலம், ஒரு முனை ஒடுக்கம், முதுகில் சின்னதாக ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள் ஒரு மெல்லிய தாள். மெட்ராசில் மூர் மார்க்கெட்டில், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. நாம் பார்த்து வளர்ந்த நாதஸ்வரம் போலவோ புல்லாங்குழல் போலவோ அதில் விரல் வைக்க ஓட்டை ஒன்றுகூட கிடையாது. அப்புறம் எப்படி அதில் பாட்டு வருகிறது என்று நம் வீட்டில் ஒருவர்கூட கேட்கவில்லை. எனக்கு இப்போதுதான் அது அதிசயமாக இருக்கிறது.

முதலில் நீ பாடத்தான் ஆசைப்பட்டாய். உத்திரமேரூரில் பாட்டுக் கச்சேரி பார்ட்டி நடத்திய தேவராஜ் அண்ணன், மாகறல் திருவிழாவில் உனக்கு ஒரு பாட்டுக் கொடுத்தார். சுருதி விலகவில்லை, தாளம் விலகவில்லை. குரல்தான் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருந்தது. பாதிப் பாட்டிலேயே சீட்டி அடித்தார்கள். "எறங்குயா" என்று ஒருவன் கத்தினான், பிறகு எல்லாரும் கத்தினார்கள். நீ இறங்கி வந்து என் கையில் இருந்த முறுக்கை வாங்கித் தின்றாய். அதற்குப் பிறகு நீ பாடி யாரும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அதே மாகறலில், அதே மேடையில் பீப்பியோடு ஏறினாய். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எங்கே போனாலும் அதைப் பார்க்கக் கூட்டம் கூடும், ஆனால் யார் கேட்டாலும் கையில் தர மாட்டாய். "எச்சி பட்டா கெட்டுப்பூடும்" என்பாய். வீட்டில் ஒருநாள்கூட வாசித்துப் பழகியதில்லை. ஏரிக்கரைக்குப் போய்விடுவாய். சத்தம் எங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று போகிறாய் என நினைத்து, உன்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கல்யாணக் கச்சேரி ஒன்றில் உன்னைக் கேட்ட கிளாரினெட்காரர் ஒருவர் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ முதல் ரிக்கார்டிங் முடிந்து வந்து கதை சொன்ன அந்தச் சாயங்காலம் நாங்கள் அடுப்பு மூட்ட மறந்துவிட்டோம். வரிசை வரிசையாக வயலின்காரர்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கஸூவின் சத்தம் சின்னது, வயலின் எழும்பினால் மூழ்கிவிடும், அதனால் உன்னை ஒரு தட்டிக்குப் பின்னால் தனியாக நிறுத்தி மூக்கில் இடிக்கிற மாதிரி மைக்கை வைத்தார்களாம். தாள் ஈரமானால் சத்தம் செத்துப்போகும். ஊதுபத்திப் பாக்கெட்டின் கண்ணாடித்தாளை வட்டமாக நறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டேக்குக்கும் மாற்றினாயாம். உனக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. பக்கத்து வயலின்காரரை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிப் பிடித்துக்கொண்டாய்.

உன் பெயரை எஃபெக்ட்ஸ் என்ற வரிசையில் எழுதினார்களாம். தேங்காய்த் தொட்டியைத் தட்டிக் குதிரை ஓட்டுகிறவர், தகரத்தை ஆட்டி இடி இடிக்கிறவர், அவர்களோடு நீ.

"பாட்றவங்க அந்தப் பக்கம், வாசிக்கிறவங்க இந்தப் பக்கம். நான் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுக்கினு இருந்தேன்" என்றாய். வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நான் சிரித்தேன்.

அதற்கப்புறம் அடிக்கடி கூப்பிட்டார்கள். குடிகாரன் தள்ளாடினால் நீ. கிழவன் ஓடினால் நீ. வாத்து நடந்தால் நீ. ரேடியோ விளம்பரத்தில் ஒரு கொசு பாடும், அதுவும் நீதான். வெளிநாட்டு இசைத்தட்டுகளில் பெரிய ஆட்களே கஸூ வாசித்திருக்கிறார்கள், சிரிப்புக்கு மட்டும் இல்லை, டிரம்பெட் வாசிக்கிற இடத்தில் டிரம்பெட்டுக்குப் பதிலாகவே வாசித்திருக்கிறார்கள் என்று அங்கே யாரோ சொன்னதை வீட்டுக்கு வந்து சொன்னாய்.

"ஒருநாளு எனுக்கும் அயுவுற எடம் குடுப்பாங்க, பாரு."

"பீப்பில இன்னாணா அயுவ முடியும்?" என்று கேட்டேன். நீ சட்டையை மாற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டாய்.

பிறகு உன் தொண்டை கட்டியது. கட்டியது விடவே இல்லை. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் கட்டி என்றார்கள். எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் உன்னைப் பார்த்து, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"மில்லுல சார். அப்பறம் பீப்பி ஊதுவேன்" என்றாய், காற்றும் குரலுமாக.

"ஊதறதால ஒண்ணும் இல்ல. குரலைத்தான் தொடக்கூடாது. பேச்சு, பாட்டு, கத்தறது எதுவும் வேணாம். அது ஆறணும். ஆறலேன்னா அப்பறம் குரல்பெட்டியையே எடுக்கற மாதிரி ஆயிடும்."

நீ தலையாட்டினாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிழைப்பு போகவில்லை, பேச்சுதானே என்று.

பால்வாடியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். நீ வாயைத் திறந்தால் முறைத்தேன். தண்ணீர் கேட்பதானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும். வந்து பேச்சுக் கொடுக்கிறவர்களைத் துரத்தினேன். உனக்கு மனசு சரியில்லை என்று தோன்றினால் நானே பீப்பியை எடுத்து நீட்டி, "போய் ஏரிக்கரைல ஊதிக்கினு வாணா, ஷோக்கா இருக்கும்" என்று அனுப்பினேன்.

அந்த மாதங்களில்தான் உனக்கு அந்த இடம் கிடைத்தது. பாட்டு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் கஸூ மட்டும் தனியாக, பின்னால் வேறு எதுவும் இல்லாமல். அழுகிற இடம். நான் உன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து சிலேட்டில் ஒரே டேக் என்று எழுதி அதை அழிக்காமல் மறுநாள்வரை வைத்திருந்தாய்.

படம் ஓடவில்லை. பாட்டை ரேடியோவில் எப்போதாவது போட்டார்கள். நம் வீட்டில் ரேடியோ இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் ஒருமுறை கேட்டேன். அந்த இடம் வந்தபோது கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பீப்பியில் அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன்னிடம் வந்து சொன்னபோது நீ என் தலையில் குட்டினாய்.

கட்டி மறுபடி வந்தது. குரல்பெட்டியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பேச்சுதான் வராது என்றார்கள். நீ மாட்டேன் என்று தலையாட்டினாய். டாக்டர் போன பிறகு உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கெஞ்சியது உனக்கு நினைவிருக்கும்.

"பேச்சு போனா போவட்டும்ணா. நீ பேசி இன்னா ஆவப் போவுது? நான் பேசறது பத்தாதா? உனுக்குத்தான் பீப்பி கீதே. மில்லுக்குக்கூட போவ வாணாம். சொம்மா ஊதிக்கினு வூட்ல குந்திக்கினு இரு, நான் சோறு போடறேன்."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். சத்தம் வரவில்லை. சிலேட்டை வாங்கி, வேணாம் கன்னிமா என்று எழுதினாய். நான் வார்டு என்று பார்க்காமல் சண்டை போட்டேன். நர்சம்மா வந்து அதட்டினார். நீ சிலேட்டை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் இருந்தாய், பிறகு போய்விட்டாய். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. உயிர் கொடுக்கிறேன் என்கிறார்கள், இந்த ஆளுக்குப் பேச்சுப் பெரிதாகிவிட்டதா, அப்படி என்ன பேசிக் கிழித்தான் என்று இந்த ஒரு வருஷமும் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகத்தான் நினைத்தேன்.

இப்போது படையல் காலைக்கு வருகிறேன். அம்மா தெருமுனைக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தாள். நான் கஸூவைப் புளி போட்டுத் துலக்கினேன். உள்ளே இருந்த தாள் பொடிந்துபோயிருந்தது. படையலுக்கு வாங்கிய ஊதுபத்தியின் தாளை வெட்டி, நீ செய்வதைப் பார்த்திருந்த மாதிரி மூடிக்கு அடியில் வைத்துத் திருகினேன். வைக்கும் முன் ஒருமுறை ஊதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

காற்றுதான் வந்தது. பலமாக ஊதினேன், காற்றுதான். அந்தப் பக்கம் திருப்பி வைத்து ஊதினேன். கன்னம் வலித்தது. தாளைத் தப்பாக வைத்துவிட்டேனோ என்று கழற்றி மாட்டினேன். ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வாயிலிருந்து எடுக்காமலே உன்னைத் திட்டினேன்.

"இத்தகூட ஒயுங்கா வச்சிட்டுப் போவலியாணா நீ?"

அது உன் சத்தத்தில் வந்தது, அண்ணா. நான் திட்டியது, ஏற்றம் இறக்கம் எல்லாம் அப்படியே, கஸூவில் வந்தது. நான் பயந்து கீழே போட்டுவிட்டேன். பிறகு எடுத்து, அண்ணா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தது. ஊதினேன், வரவில்லை. முனகினேன், வந்தது. அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது. வாயில் அதை வைத்துக்கொண்டே அழுதேன், அதுவும் சேர்ந்து அழுதது.

ஊதுவதே இல்லையா அது? எல்லாம் உன் தொண்டையா?

மத்தியானம் தேவராஜ் அண்ணன் படையல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கை கழுவப் போனபோது பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அது ஊதுறது இல்லமா, பாட்றது. உள்ள பாடுனா தாளு அதிரும், அதான் சத்தம். பார்ட்டில எல்லாருக்கும் தெரியும். வூட்ல மட்டும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

"ஏன்?"

"மாகறல்ல எறங்க சொன்னாங்க இல்ல? அதே தொண்டதான் இதுன்னு தெரிஞ்சா எவன் கை தட்டுவான்னு கேப்பான்."

"ஆபரேசன் வாணான்னானே, அது இதுக்கா?"

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "பெட்டிய எடுத்துட்டா கஸூவும் போச்சுன்னு எழுதிக் காட்டினான். நான் இன்னா சொல்றது? எனுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலமா. அவங்கூட குந்திக்கினு இருந்துட்டு வந்துட்டேன்."

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவரும் ஒல்லியாகிவிட்டார்.

நான் இப்போது என்ன செய்வது, சொல். ஏரிக்கரைக்குப் போ என்று உன் கையில் பீப்பியைக் கொடுத்து அனுப்பினேனே, ஒவ்வொரு முறையும் போய்ப் புண்ணான தொண்டையால் பாடிவிட்டு வந்தாயா? அதனால்தான் கட்டி மறுபடி வந்ததா, அல்லது எப்படியும் வந்திருக்குமா? மில்லின் தவிட்டுத் தூசியா? யாரைக் கேட்பது? உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தாலும் என்னவென்று போய்க் கேட்பேன்? வார்டில் நான் பீப்பி கீதே, பீப்பி கீதே என்று கெஞ்சியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கலாமே. இடம்தான் இருந்ததே சிலேட்டில்.

தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும் என்பார்கள். போகவில்லை. நீ எதற்காகப் போனாய் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படையல் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, அன்று சாயங்காலம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அவன் மொவம் கண்ணுலயே கீதுடி. கொரலுதான் வரமாட்டேங்குது. கடசில எல்லாம் சிலேட்டுலயே பேசிட்டுப் பூட்டானே. என்னிய எப்டிக் கூப்புடுவான்? நீ ஒருவாட்டி அவன மாரி கூப்ட்டுக் காட்டு."

நான் குரலைக் கரகரப்பாக்கி, "யம்மா" என்று கூப்பிட்டேன்.

"இது இல்ல" என்றாள்.

இன்னொரு மாதிரி கூப்பிட்டேன். அதுவும் இல்லை என்றாள். நான் கூப்பிடக் கூப்பிட அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி வுடு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணா, உன் குரல் இருக்கிறது. அந்தப் பாட்டின் முடிவில் இருக்கிறது. நீ பாடியதுதான் அது. அம்மா அதை இன்னும் கேட்டதில்லை. காஞ்சிபுரத்தில் இசைத்தட்டு விற்கிற கடையில் கேட்டேன், அந்தப் படத்துத் தட்டு எப்போதோ வந்ததோடு சரி என்றார்கள். கேசட்டில் பதிந்து தருகிற கடையில், தட்டைக் கொண்டுவந்தால் பதிந்து தருகிறோம் என்கிறார்கள். ரேடியோவுக்கு நேயர் விருப்பம் என்று கார்டு போட்டுவிட்டு, டீக்கடையில் நின்று கேட்டேன். என் பெயரை வாசித்துவிட்டு, அதே படத்தில் வேறு பாட்டைப் போட்டார்கள்.

கிடைத்தாலும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இதுதான் உன் பிள்ளையின் குரல் என்று சொன்னால், பாடக்கூடாது என்று சொன்ன காலத்தில் அவன் எப்படிப் பாடினான் என்று கேட்பாள். ஏரிக்கரையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டும். அதனால்தான் செத்தானா என்று கேட்பாள். சொல்லாவிட்டால், கையில் இருப்பதைக் கொடுக்காமல் ஒளித்துவைக்கிறவள் ஆகிறேன். பால்வாடிக்குப் போகும்போதும் வரும்போதும் இதையேதான் நினைக்கிறேன். ஒரு வழியும் தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உனக்கு விலாசம் இல்லாததால் இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன்; அச்சில் வந்து ஊர்க்காரர் யாராவது படித்தால், தயவுசெய்து வீட்டுப்பக்கம் வந்து வாயை விட்டுவிடாதீர்கள்.

என்றைக்காவது ஒருநாள் எங்காவது அந்தப் பாட்டு வரும். அம்மா என் பக்கத்தில் இருக்கும்போது வரும். கஸூ சத்தம் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், உனக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். நீ அழுகிற இடத்திலும் சிரிப்பாள். "நம்ம பையன் ஊதுறான், கேளுடி" என்பாள். ஆமாம்மா, ஊதுறான் என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது உனக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

இன்னும் உன்மேல் கோபம் தீராத
உன் தங்கச்சி,
கன்னியம்மா